பறக்கிறது ட்ரோன்... பத்திக்கிறது சண்டை!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ட்ரோன் பார்ட்டிகள் கூடும் மைதானம் எதற்காவது போய்ப் பாருங்கள். ஐந்து இன்ச் ரேஸிங் ட்ரோன் ஒரு பேட்டரிக்குப் பறப்பது என்னவோ ஐந்து நிமிஷம்தான். இறங்கினதும் ஆரம்பிக்கிற வாக்குவாதம் இருக்கே... அது அடுத்த பேட்டரி சார்ஜ் ஏறுகிற வரைக்கும் ஓயாது!

'ரோட்டோரம் பறக்கவிடலாமா?', 'இதுக்கு லைசென்ஸ் வேணுமா?', 'போர்ல இதே ட்ரோன்ல குண்டு கட்டி அனுப்புறாங்களே, அப்போ நாம பண்றது விளையாட்டா, வேறயா?' என்று எகிறிக்கொண்டே போகும். கடைசியில் கண்டிப்பாக ஒருத்தர் கையைத் தூக்குவார். 'விடுங்கப்பா... ஜாலியா பறக்கவிடத்தானே வந்தோம்? இதுல எதுக்கு சட்டம், அரசியல் எல்லாம்?'

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா பாஸ், இந்தப் பொழுதுபோக்கில் அந்தச் சண்டைகளும் சேர்த்திதான். ஏன் என்று மூணு ரவுண்டாகப் பார்த்துவிடலாம், வாங்க!

ரவுண்டு 1: பாதுகாப்பு

'குட்டி ட்ரோன்... பொம்மை மாதிரி. விழுந்தா என்ன ஆகிடப்போகுது?' என்பது ஒரு கோஷ்டி. அவர்களுக்காக, ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸிலிருந்து ஒரு கணக்கு. 250 கிராம் ட்ரோன் ஒன்று 120 மீட்டர் உயரத்தில் பேட்டரி செத்து விழுகிறது. காற்றின் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டால், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 175 கிலோமீட்டர், ஆற்றல் 294 ஜூல். 160 கிராம் கிரிக்கெட் பந்தை மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசினாலே அதில் இருப்பது 121 ஜூல்தான்!

'காற்று சும்மா விடுமா? வேகத்தைக் குறைச்சிடுமே!' என்று உடனே மடக்குவார்கள். உண்மைதான். சரி, பாதியாகவே குறையட்டும். மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் கால் கிலோ சாமான், ஹெல்மெட் போடாத தலை. மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்குங்க.

இறக்கைக்கு வருவோம். 2300 கே.வி. மோட்டார் என்றால், ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் 2300 சுற்று. நாலு செல் லிப்போ பேட்டரியின் 14.8 வோல்ட்டைக் கொடுத்தால், சுமை இல்லாத நிலையில் 34,000 சுற்று. உங்க வீட்டு மிக்ஸி தோத்துப்போகும். 2015 மே மாதம் மெக்ஸிகோவின் டிஹுவானாவில் பாட்டுக் கச்சேரி நடுவே, மேடைக்கு வந்த கேமரா ட்ரோனைக் கையால் பிடிக்கப்போனார் பாடகர் என்ரிக் இக்லேசியஸ். விரல்கள் கிழிந்து ஆபரேஷன் வரைக்கும் போனது. அதே வருஷம் டிசம்பரில் இத்தாலியில் நடந்த பனிச்சறுக்குப் போட்டியில், ஆஸ்திரிய வீரர் மார்செல் ஹிர்ஷர் கடந்துபோன அடுத்த நொடி, அவர் முதுகுக்குப் பின்னால் கேமரா ட்ரோன் ஒன்று விழுந்து நொறுங்கியது. ஒரு நொடி முந்தியிருந்தால் தலை மேல்! அதற்குப் பிறகு அந்த உலகக் கோப்பைப் போட்டிகளில் கேமரா ட்ரோன்களுக்குத் தடை போட்டார்கள்.

இரண்டு இடத்திலும் பறக்கவிட்டவர்கள் கத்துக்குட்டிகள் இல்லை, காசு வாங்கி வேலை பார்க்க வந்தவர்கள். அதனால்தான் 'எனக்கு நல்லா ஓட்டத் தெரியும்' என்ற பதிலை சீனியர்கள் ஏற்றுக்கொள்வதில்லை. மேஜையில் வைத்து வேலை பார்க்கும்போது இறக்கையைக் கழற்றாமல் பேட்டரியைச் செருகினால் திட்டு விழும். வீங்கின பேட்டரியோடு வந்தால் திருப்பி அனுப்புவார்கள். சிக்னல் அறுந்தால் ட்ரோன் என்ன செய்யும் என்று செக் பண்ணாமல் மேலே ஏற்ற விடமாட்டார்கள். இதெல்லாம் சட்டப் புத்தகத்தைப் பார்த்து வந்த பழக்கம் இல்லை, சண்டை போட்டுப் போட்டு மைதானத்திலேயே உருவானது.

ரவுண்டு 2: சட்டம்

இங்கேதான் சூடு ஜாஸ்தி. காரணம், நம்ம ஊர் சட்டமே பல்டி அடித்து அடித்து வந்திருக்கிறது!

2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரே ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடுவதற்கு நடைமுறையில் முழுத் தடை. 2018 டிசம்பர் 1 முதல் கட்டுப்பாடுகளோடு அனுமதி. 'அனுமதி இல்லையா, மோட்டாரே சுத்தாது' என்று மென்பொருளிலேயே பூட்டுப் போடும் திட்டம் அது. 2021 மார்ச்சில் புதிய விதிகள், கட்டுக்கட்டாக ஃபாரம். 2021 ஆகஸ்ட் 25 அன்று அதையும் தூக்கிப்போட்டுவிட்டு 'ட்ரோன் விதிகள் 2021' வந்தது. 25 ஃபாரம் 5 ஆனது, 72 வகைக் கட்டணம் 4 ஆனது.

இதில் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று. அதே வருஷம் ஜூன் 27 அன்றுதான் ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் குண்டு போட்டார்கள். 'இனிமே மொத்தமா தடைதான்' என்று பலரும் பயந்துகொண்டிருக்க, ரெண்டே மாசத்தில் விதிகள் தளர்ந்தன! ஆக, ஒரு சம்பவம் நடந்தால் சட்டம் இறுகித்தான் ஆகவேண்டும் என்று இல்லை. யார் எதைச் சொல்லி வாதாடுகிறார்கள் என்பதும் கணக்கில் வரும்.

சரி, 2021 விதிகளில் காலேஜ் பசங்களுக்கு என்ன இருக்கு? நிறையவே இருக்கு. 250 கிராம் வரை 'நானோ', 2 கிலோ வரை 'மைக்ரோ'. நானோவுக்கும், வியாபார நோக்கம் இல்லாத மைக்ரோவுக்கும் பைலட் உரிமம் வேண்டாம். படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்காகக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் பறக்கும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாடல் ட்ரோனுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. அங்கீகாரம் பெற்ற கல்லூரி, பச்சை மண்டலத்தில் இருக்கும் தன் சொந்த வளாகத்துக்குள் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட்டால் பதிவு எண்கூட வேண்டாம். ஆனால், அதே ட்ரோனை பீச்சுக்கோ கோயில் திருவிழாவுக்கோ தூக்கிக்கொண்டு போனால் இந்தச் சலுகை கூட வராது, மாப்ளே!

பச்சை மண்டலம் என்பது 400 அடி வரை தாராளமாகப் பறக்கலாம் என்று குறித்த வான்வெளி. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள வளையத்தில் இது 200 அடிதான். அதைவிடக் கிட்டே போனால் கட்டாயம் அனுமதி வாங்கவேண்டும். சென்னைப் பசங்களின் கஷ்டம் இங்கேதான். ஒரு பக்கம் மீனம்பாக்கம், இன்னொரு பக்கம் தாம்பரம் விமானப்படைத் தளம். தமிழ்நாட்டில் ட்ரோன் என்றதும் ஞாபகம் வரும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யே, விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் திரிசூலத்திலிருந்து ரெண்டாவது ரயில்வே ஸ்டேஷன்!

'சின்னப் பொழுதுபோக்குக்கு இவ்வளவு கெடுபிடியா?' என்ற கேள்வி அமெரிக்காவிலும் எழுந்தது. 2015 டிசம்பரில் அங்கே ட்ரோன் வைத்திருப்பவர்கள் 5 டாலர் கட்டிப் பதிவு செய்யவேண்டும் என்று விதி வந்தது. மாடல் விமானப் பிரியர் ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். 'மாடல் விமானங்களுக்குப் புது விதி போடக் கூடாது என்று 2012-லேயே பார்லிமென்ட் சட்டம் போட்டிருக்கே' என்பதுதான் அவர் வாதம். 2017 மே மாதம் ஜெயித்தார்! ஆனால், டிசம்பரில் அமெரிக்க காங்கிரஸ் புதுச் சட்டம் போட்டுப் பதிவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டது. கோர்ட்டில் ஜெயித்தாலும், சட்டம் போடும் இடத்தில் உங்கள் தரப்பைப் பேச ஆள் இல்லையென்றால் ஏழு மாசம்கூட நிக்காது.

இன்னொரு பக்கமும் பாருங்க. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் 'ட்ரோன் தெரியுது' என்று புகார். சுமார் 1,000 விமானங்களும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டார்கள். அப்போது போலீஸ் தூக்கியது ஒரு தம்பதியை. அந்தக் கணவர் மாடல் விமானப் பிரியர்! ஒன்றரை நாள் காவலுக்குப் பிறகு, சம்பந்தமே இல்லை என்று விடுவித்தார்கள். 2020-ல் இழப்பீடும் கொடுத்தார்கள். அந்த வழக்கில் இதுவரை ஒருத்தரும் தண்டிக்கப்படவில்லை. யாரோ செய்த வேலைக்கு முதலில் கதவு தட்டப்படுவது பொழுதுபோக்குக்காரர் வீட்டில்தான்.

ரவுண்டு 3: அரசியல்

'பார்ட்ஸ் எங்கே வாங்கினே?' என்று கேட்டாலே அரசியல் வந்துடும். 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. 'உள்நாட்டுத் தயாரிப்பு வளரட்டும்' என்கிறது ஒரு கோஷ்டி. 'மோட்டாரும் சர்க்யூட் போர்டும் சீனாவிலிருந்துதானே வருது? ஸ்டூடன்ட் பாக்கெட்தான் காலி' என்கிறது இன்னொன்று. இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கு.

இதைவிடக் கனமான கேள்வி போர். இந்தப் பொழுதுபோக்கின் உயிர்நாடியே இலவசமாகக் கிடைக்கும் திறந்த மென்பொருள்தான். ஜி.பி.எஸ். பார்த்துத் தானாகப் பறக்க உதவும் 'ஆர்டுபைலட்' 2009 வாக்கில் பொழுதுபோக்குக்காரர்கள் கூடி ஆரம்பித்தது. 2025 ஜூன் 1 அன்று உக்ரைன், லாரிகளில் மறைத்து வைத்த 117 ட்ரோன்களை ரஷ்ய விமானத் தளங்கள் மேல் ஏவியதாக அறிவித்தது. அந்தத் தாக்குதலின் வீடியோ திரையில் தெரிந்தது இதே ஆர்டுபைலட்! ஆயுதமாக்கும் வேலைக்குத் தெரிந்தே உதவமாட்டோம் என்று அதன் டெவலப்பர்கள் ஏற்கெனவே நடத்தை விதி வைத்திருக்கிறார்கள். ஆனால், திறந்த உரிமத்தில் கொடுத்ததை யார் எடுத்து எதற்குப் பயன்படுத்தினாலும் தடுக்க முடியாது.

'கத்தி செஞ்சவன் மேல தப்பா?' என்பார் ஒருவர். 'சும்மா கையைக் கழுவிட்டுப் போயிடலாமா?' என்பார் மற்றவர். நடிகர் அஜித் ஆலோசகராக இருந்த எம்.ஐ.டி.யின் தக்‌ஷா குழுவின் ட்ரோன்கள் 2020 கொரோனா காலத்தில் கிருமிநாசினி தெளித்தன. 2024 செப்டம்பரில் மணிப்பூரில் ட்ரோனிலிருந்து குண்டு போட்டதாகப் போலீஸ் சொன்னது. இரண்டுக்கும் அடிப்படை இன்ஜினீயரிங் ஒண்ணுதான். நாளைக்கு கேம்பஸ் இன்டர்வியூவில் பாதுகாப்புத் துறைக் கம்பெனி வந்து உட்காரும்போது, ஏரோ, இ.சி.இ. பசங்க இந்தக் கேள்விக்குச் சொந்தமா ஒரு பதில் வெச்சிருக்கணும். மைதானத்தில் பேசிப் பழகாத பதில் அங்கே எப்படி வரும்?

ரெண்டே வாரம்!

2025 செப்டம்பர் 16 அன்று சிவில் ட்ரோன் மசோதாவின் வரைவை மக்கள் கருத்துக்கு வைத்தது மத்திய அரசு. அபராதத்தோடு நிற்காமல் சில மீறல்களுக்கு ஜெயில், ட்ரோனைப் பறிமுதல் செய்ய போலீஸுக்கு அதிகாரம் எல்லாம் அதில் இருந்தது. கருத்துச் சொல்லக் கொடுத்த தேதி செப்டம்பர் 30. அதாவது ரெண்டு வாரம்!

ரெண்டு வாரத்தில் வரைவைப் படித்து, 'இந்தப் பிரிவு இருந்தா எங்க காலேஜ் புராஜெக்ட் நின்னுடும், இப்படி மாத்துங்க' என்று யாரால் எழுத முடியும்? ஏற்கெனவே சண்டை போட்டு விஷயத்தை அலசி வைத்திருப்பவர்களால் மட்டும்தான். 'நமக்கெதுக்கு அரசியல்' என்று ஒதுங்கினவர்களுக்கு, சட்டம் வந்த பிறகு பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும்.

சண்டைக்கும் ரூல்ஸ் உண்டு!

* 'தடையாம்ல' என்று யாராவது சொன்னால், எந்த விதி, எந்த வருஷம் என்று கேளுங்கள். 2018 விதியைச் சொல்லி இன்னும் மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள்!

* 'சட்டப்படி ஓகே' வேறு, 'பாதுகாப்பு' வேறு. 249 கிராம் ட்ரோனுக்கு உரிமம் வேண்டாம் என்பதற்காக அது கூட்டத்துக்கு மேல் பறக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

* கிளம்பும் முன் அரசின் வான்வெளி வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பாருங்கள். வி.ஐ.பி. வருகைக்காகத் தற்காலிக சிவப்பு மண்டலம் அறிவித்திருக்கலாம்.

* போலீஸ்காரர் வந்து கேட்டால் வம்புக்கு நிற்காமல் இறக்கிவிட்டுப் பேசுங்கள். காலேஜ் ஐ.டி. கார்டும் விதியின் பிரின்ட் அவுட்டும் பையில் இருக்கட்டும்.

* முக்கியமா, சந்தேகம் கேட்கும் ஃபர்ஸ்ட் இயர் தம்பியையோ தங்கச்சியையோ கலாய்ச்சு அனுப்பிடாதீங்க. கேட்காமல் பறக்கவிடுபவர்தான் ஆபத்து!

அடுத்த ஞாயிறு மைதானத்தில் யாராவது 'இதுல எதுக்கு அரசியல்' என்று ஆரம்பித்தால், பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்க பாஸ். பேசறதுக்கு நிறைய இருக்கு!