வெட்பாலையும் கரப்பானும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்பு கடையும் தொழிலாளியின் விரல்களில் நாளெல்லாம் வழிகிற கட்டிங் ஆயிலும், திருவள்ளூர்ப் பக்கம் வீடு கட்டும் கொத்தனாரின் கையில் ஒட்டுகிற சிமெண்டின் குரோமிய உப்பும், நாளடைவில் சருமத்தைச் சிவக்கவைத்து, வெடிக்கவைத்து, நீர் கசியும் தினவாக நிலைபெறச் செய்துவிடுவதுண்டு. எக்ஸிமா என்றும் கரப்பான் என்றும் வழங்கும் இவ்வியாதிக்குத் தாவரங்களில் ஔஷதம் உண்டா என்பதே இங்கு விசாரணை.

நம் வறண்ட காடுகளில் வளரும் வெட்பாலையின் இலையை, இரும்பு படாமல் கையால் கிள்ளித் தேங்காயெண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால், சில தினங்களில் எண்ணெய் ஊதா நிறம் கொள்ளும். சித்த வைத்தியர்கள் இத்தைலத்தை விசேஷமாகச் சொரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படைக்கே உபயோகிப்பர்; கரப்பானுக்கு அருகம்புல் சேர்ந்த அருகன் தைலத்தையே பெரிதும் நாடுவர். எனினும் வெட்பாலை இலையில் நீலச்சாயத்தின் உறவினமான இண்டிருபின், டிரிப்டான்திரின் என்னும் பொருள்கள் இருப்பதை ரசாயனிகள் கண்டிருப்பதால், விஷயம் சுவாரசியமாகிறது.

ஏனெனில் அவ்விரண்டும், சரும உயிரணுக்களில் உள்ள ஏரைல் ஹைட்ரோகார்பன் ஏற்பி என்ற புரதத்தைத் தூண்ட வல்லவை; அது தூண்டப்பெற்றால், தோலின் மேற்படலத்தைக் கெட்டிப்படுத்தும் ஃபிலாக்ரின் பெருகும். எக்ஸிமாவுக்கு வெகுகாலமாகப் பூசப்பட்டுவந்த நிலக்கரித் தாரும் இதே வழியில்தான் குணம் தருகிறது என்று 2013இல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் நிரூபித்தனர். நிலக்கரியும் பண்டைய விருட்சங்களின் எச்சந்தானே! அதே ஏற்பியைக் குறிவைக்கும் டாப்பினராஃப் களிம்பை, 2024 டிசம்பரில் அமெரிக்கா எக்ஸிமாவுக்கு அங்கீகரித்தது. அதன் மூலம் மட்டும் தாவரமன்று, ஒரு பாக்டீரியா. மீண்டும் தாவரத்துக்கு வந்தால், அதிமதுரச் சாறு 2 சதவீதம் கலந்த ஜெல், இரண்டு வார காலத்தில் தினவையும் சிவப்பையும் தணித்ததாக 2003இல் ஈரானில் நடந்த சோதனை ஒன்றும் உண்டு.

இவை நம்பிக்கைக்கு இடந்தருவன. முடிந்த முடிபுகள் அல்ல. ஏற்பியைத் தூண்டும் பொருள் இலையில் இருப்பது வேறு, வீட்டில் செய்த எண்ணெயில் அது தக்க அளவில் இருந்து கரப்பானைத் தீர்ப்பது வேறு. தாவரமாயின் தீங்கில்லை என்பதும் பிழை: காலி மனைகளில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியத்தின் பார்த்தீனின் என்ற பொருளே பலருக்கு எக்ஸிமாவை உண்டாக்குகிறது.

ஆகையால், கையில் நீர் கசியும் நிலையில் எந்த இலையையும் அரைத்துப் பூசாதீர்கள். வேலையின்போது தக்க கையுறை அணியுங்கள். ஆங்கில முறையோ சித்த முறையோ, தேர்ந்த வைத்தியரிடம் உங்கள் தொழில் இன்னதென்பதை முதலில் சொல்லுங்கள்.