உங்களுக்குத் தெரியுமா? எக்செல்: கட்டங்கள், தேதிகள், கோடுகள்

சங்கக் கணக்கு, கடை இருப்பு, மாணவர் பட்டியல் என்று எதை எடுத்தாலும் இன்று எக்செல்தான். அதில் கட்டம் நமக்குக் காட்டுவது ஒன்று, உள்ளே வைத்திருப்பது வேறொன்று. இந்த வேறுபாடு தெரிந்தவருக்குக் கணக்கு ஏமாற்றாது.

தேதி என்பது ஓர் எண்
விண்டோஸ் எக்செல்லுக்கு 1900 ஜனவரி 1 என்பது 1. அங்கிருந்து ஒரு நாளுக்கு ஒன்று கூடும். 15-08-1947 என்று தட்டிவிட்டு ஃபார்மட்டை 'ஜெனரல்' என மாற்றினால் 17394 என்று தெரியும். ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தால் இடைப்பட்ட நாட்கள் கிடைப்பது இதனால்தான்.

வராத நாளுக்கும் ஓர் எண்
1900 லீப் வருடம் அல்ல. ஆனாலும் எக்செல்லில் 60 என்ற எண், 1900 பிப்ரவரி 29-ஐக் குறிக்கிறது. 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த பிழை இது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்செல்லும் இதை ஏற்றது. இப்போது திருத்தினால் உலகெங்கும் உள்ள கோப்புகளில் தேதிகள் ஒரு நாள் நகர்ந்துவிடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

பாரதியின் பிறந்தநாள்
11-12-1882 என்று தட்டினால் எக்செல் அதை வெறும் எழுத்தாகத்தான் வைத்துக்கொள்ளும். 1900-க்கு முந்தைய தேதிகள் அதன் கணக்கிலேயே இல்லை. பழைய பத்திரங்களையும் கோயில் ஆவணங்களையும் பட்டியலிடுபவர்களுக்கு லிப்ரே ஆபிஸ் கால்க் உதவும். அது பழைய தேதிகளையும் தேதியாகவே ஏற்கும்.

தாத்தா இன்னும் பிறக்கவில்லை
1928-ல் பிறந்தவருக்கு ஆண்டை 28 என்று மட்டும் தட்டினால் எக்செல் 2028 என்று எடுத்துக்கொள்ளும். பொதுவாக 29 வரை 2000-களிலும், 30 முதல் 1900-களிலும் சேரும். விண்டோஸ் அமைப்பைப் பொறுத்து இந்த எல்லை மாறலாம். முதியோர் பட்டியலில் ஆண்டை எப்போதும் நான்கு இலக்கத்தில் தட்டுங்கள்.

ஜூன் 5-ஆ, மே 6-ஆ?
கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05/06/2024 என்பது மே 6 ஆகிவிடும். 13/05/2024 என்றால் பதிமூன்றாம் மாதம் இல்லாததால் அது எழுத்தாகத் தங்கிவிடும். கண்டுபிடிப்பது எளிது. நாமாக நகர்த்தாதவரை உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் நிற்கும். எழுத்து இடப்பக்கம் ஒட்டும். விண்டோஸின் 'ரீஜன்' அமைப்பை இந்தியாவுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எக்செல்லுக்காகப் பெயர் மாறிய மரபணுக்கள்
மார்ச்1, செப்ட்1 என்று மனித மரபணுக்கள் இருந்தன. ஆய்வாளர்கள் இவற்றைத் தட்டியதும் எக்செல் மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாக்கிவிடும். ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகளில்கூட இந்தப் பிழை புகுந்தது. கடைசியில் மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் ஹியூகோ குழு இவற்றை மார்ச்எஃப்1, செப்டின்1 என்று மாற்றியது. 2020-ல் வெளியிட்ட நெறிமுறையில் இதைக் குறிப்பிட்டது. தானாகத் தேதியாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை எக்செல் 2023-ல் தந்தது.

ஆதார் எண்ணும் அட்டை எண்ணும்
ஜெனரல் ஃபார்மட்டில் 12 இலக்க ஆதார் எண்ணைத் தட்டினால் 'ஈ+11' என்று முடியும் சுருக்கம்தான் தெரியும். எண் உள்ளே பத்திரமாக இருக்கும். தோற்றம் மட்டுமே மாறியிருக்கிறது. 16 இலக்க வங்கி அட்டை எண்ணின் கதை வேறு. எக்செல் 15 இலக்கம் வரைதான் காப்பாற்றும். கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். கணக்கு எண்ணின் தொடக்கத்தில் உள்ள பூஜ்யங்களும் இப்படியே காணாமல் போகும்.

ஒன்றும் ஒன்றும் மூன்று
இரண்டு கட்டங்களில் 1.4, 1.4. கூட்டினால் 2.8. தசமம் வேண்டாமென்று மறைத்துவிட்டால் திரையில் 1, 1, கூட்டல் 3! எக்செல் சரியாகத்தான் கூட்டியிருக்கிறது. ஃபார்மட் தோற்றத்தை மட்டும் மாற்றும். மதிப்பையே முழுமையாக்க 'ரவுண்ட்' ஃபார்முலா வேண்டும். ரசீது போடுபவர்கள் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

40 மணி நேரம் 16 ஆவது ஏன்?
ஒரு நாள் 1 என்றால் நண்பகல் 0.5, காலை 6 மணி 0.25. தினமும் 8 மணி வீதம் ஐந்து நாள் வேலையைக் கூட்டினால் 24 மணி நேரம் ஒரு முழு நாளாக ஒதுங்கி, மீதி 16:00 மட்டும் தெரியும். ஃபார்மட்டில் மணிக்குரிய 'எச்' எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டால் 40:00 என்று முழுமையாக வரும்.

கிழமை தமிழில்
தேதியைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலுடன் 1-ஐ அழுத்தி, 'கஸ்டம்' பகுதிக்குப் போங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் டாலர் குறி, கழித்தல் குறி, 449. அடைப்பை மூடிவிட்டு 'டி' நான்கு முறை. அந்த நாளின் கிழமை தமிழில் தோன்றும். 449 என்பது தமிழுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த குறியீடு.

அச்சில் வராத கோடுகள்
திரையில் தெரியும் சாம்பல் நிறக் கோடுகள் வழிகாட்டத்தான்; நாமாகக் கேட்டால் ஒழிய அச்சில் வராது. அச்சில் வேண்டுமானால் பார்டர் போட வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், 7 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சுற்றிலும் கோடு. 7-க்குப் பதில் கழித்தல் குறி என்றால் கோடு நீங்கும். கணக்குப் பேரேட்டு முறையில் மொத்தத் தொகைக்கு மேலே ஒற்றைக் கோடு, கீழே இரட்டைக் கோடு.

##### என்றால் பயம் வேண்டாம்
பெரும்பாலும் இடம் போதவில்லை என்றுதான் பொருள். நெடுவரிசைத் தலைப்பின் வலது ஓரத்தில் இருமுறை சொடுக்குங்கள். அகலப்படுத்திய பிறகும் நீங்காவிட்டால், தேதிக் கணக்கில் விடை கழித்தல் எண்ணாக வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முதலில் ஃபார்மட், பிறகு தட்டச்சு
போன பூஜ்யமும் பதினாறாவது இலக்கமும், பிறகு 'டெக்ஸ்ட்' ஃபார்மட்டுக்கு மாற்றினாலும் திரும்பி வராது. எனவே புதுப் பட்டியல் தொடங்கும்போது எந்த நெடுவரிசை தேதி, எது தொகை, எது அடையாள எண் என்று முதலில் முடிவு செய்து ஃபார்மட் கொடுங்கள். கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத எண்ணுக்கெல்லாம் டெக்ஸ்ட்தான் ஏற்றது.