பழைய சீட்டு, புதிய தும்மல்!

காலை 6 மணி. மேடவாக்கத்தில் ஒரு வீடு. ஐந்து வயதுச் சிறுவன் கண் விழித்ததும் தும்முகிறான். ஒன்று இரண்டல்ல, பத்து, பதினைந்து! மூக்கிலிருந்து தண்ணீராய் ஒழுகுகிறது. கசக்கிக் கசக்கிக் கண்கள் சிவந்துவிட்டன. காய்ச்சல் இல்லை.

"போன வருஷம் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறதே! அதே மருந்தை வாங்கி வாருங்கள்" என்கிறாள் தாய். தந்தை கடைக்குப் புறப்படுகிறார்.

பல வீடுகளில் நடப்பதுதான் இது. ஆனால், செய்யலாமா? கூடாது!

தும்மல் ஏன்?

ஏரியும் வயலுமாக இருந்த மேடவாக்கத்தில் இன்று அடுக்கு மாடி வீடுகள். சாலையில் ஓயாத வண்டிகள், புழுதி. வீட்டுக்குள்ளே மெத்தைத் தூசியில் வாழும் நுண்பூச்சிகள், கரப்பான், ஈரச் சுவரில் பூஞ்சை. இவை சில குழந்தைகளின் உடம்புக்கு ஒத்துக் கொள்வதில்லை. உடனே உடம்பு 'ஹிஸ்டமின்' என்ற பொருளை வெளியிடுகிறது. தும்மல், அரிப்பு, நீர் ஒழுகல் எல்லாம் அதன் வேலையே. இதுதான் அலர்ஜி.

ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகளுக்கு வழி காட்டியவர் டேனியல் போவே. அவருக்கு 1957-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்துகள் தொல்லையைத் தணிக்கும். அலர்ஜியை அடியோடு போக்கா.

தூங்க வைக்கவா?

'குளோர்பெனிரமைன்' போன்ற பழைய மருந்துகள் மூளையையும் தொடும். குழந்தை தூங்கி வழியும். சில குழந்தைகள் இதற்கு நேர் மாறாகத் துள்ளிக் குதித்துத் தூக்கத்தையே தொலைக்கும். 'செட்டிரிசின்' போன்ற பின்னால் வந்த மருந்துகளில் தூக்கம் குறைவு. எதைக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை வயதையும் எடையையும் பார்த்தே டாக்டர் முடிவு செய்கிறார். போன வருஷத்து எடையா இன்று இருக்கும்?

மூக்கடைப்புக்காக 'பினைலெப்ரின்' என்ற மருந்தையும் குளோர்பெனிரமைனுடன் சேர்த்துச் சிரப் விற்பதுண்டு. 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்தக் கூட்டு மருந்தைக் கொடுக்கலாகாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி 2023 டிசம்பரில் எச்சரித்தார்.

நெஞ்சு பதறும் பாடம்

'கோல்ட்ரிப்' என்ற சளி சிரப்பிலும் இந்த இரண்டு மருந்துகளும் இருந்தன. அது காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் அதைக் குடித்த குழந்தைகளில் 20 பேருக்கு மேல் இறந்தனர். சிறுநீரகம் செயலிழந்தது! தமிழக அதிகாரிகள் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் 'டைஎத்திலின் கிளைக்கால்' என்னும் நஞ்சு இருந்தது. விற்பனை தடை செய்யப்பட்டது. தொழிற்சாலையின் உரிமமும் ரத்தாயிற்று.

அங்கே டாக்டர் சீட்டின்பேரிலும் அந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பதுதான் வேதனை. ஆகவே, சீட்டு இருந்தால் போதும் என்று பெற்றோர் கண்ணை மூடிக் கொள்ளக் கூடாது.

தாய்மார் கவனிக்க

புட்டியில் உள்ள மருந்துகளின் பெயர், காலாவதித் தேதி, வயது பற்றிய எச்சரிக்கை ஆகியவற்றைப் படியுங்கள். சமையலறைக் கரண்டி வேண்டாம்; அளவு மூடியால் ஊற்றுங்கள். அண்ணனுக்கு வாங்கியதைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மருந்து கொடுத்த பின் குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, புட்டியுடன் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். உதடு வீங்கி மூச்சுத் திணறினால் சிரப் ஊற்றிக் காத்திருக்க வேண்டாம். அதற்கு உடனே ஊசி போட வேண்டும்.

தலையணை உறையை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். தூசி குறைந்தால் தும்மலும் குறையும், மருந்தும் குறையும்.

பழைய சீட்டைக் கிழித்துப் போட வேண்டாம். அது உதவும். டாக்டரிடம் காட்டுவதற்கு, கடைக்காரரிடம் நீட்டுவதற்கு அல்ல!