நிரற்பதிவும் அதன் சான்றும்



கணினிக்கு இடவேண்டிய ஆணைகளை முறைப்படி எழுதி வைப்பதே நிரல் எனப்படும். பெரிய நிரல்களை ஒருவர் தனித்திருந்து எழுதுவதில்லை. பல நாட்டினர் கூடி ஓயாது திருத்திக்கொண்டே இருப்பர். யார், எப்பொழுது, எதனை, எதன் பொருட்டு மாற்றினார் என்று குறித்து வையாவிடில் குழப்பமே மிஞ்சும். லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பை வளர்ப்போர்க்கு இவ்வகையில் உதவ, 2005-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கருவியே ‘கிட்’. அதில் ஒரு மாற்றத்தை முடித்து வைக்கும் பதிவுக்குக் ‘கமிட்’ என்று பெயர்.

கமிட்டினுள் இருப்பவை யாவை? அவ்வேளையில் கோப்புகள் இருந்த நிலை, முந்திய கமிட்டின் எண், எழுதியவர் பெயரும் மின்னஞ்சல் முகவரியும், பதிந்தவர் பெயரும் முகவரியும், இருவர்க்கும் உரிய நேரங்கள், காரணம் கூறும் குறிப்புரை ஆகியவை. எழுதியவர் ஒருவராகவும் பதிந்தவர் மற்றொருவராகவும் இருத்தல் கூடும். இவையனைத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு 40 குறிகள் கொண்ட ஓர் அடையாள எண் பெறப்படுகிறது. ஓரெழுத்து மாறினும் எண் மாறிவிடும். முந்திய கமிட்டின் எண்ணும் உள்ளே அடங்கியிருத்தலின், பழைய பதிவொன்றைத் திருத்தினால் அதற்குப் பின்வந்த எண்கள் யாவும் மாறிப்போகும். நம் பள்ளிப் பதிவேடுகளுக்கு இத்தகைய காவல் இருந்ததில்லை!

இவ்விவரங்களை ஒருவர் உட்கார்ந்து தேடாமல், தாமே வந்து சேருமாறு செய்யலாம். ‘கிட்ஹப்’ போன்ற களஞ்சியத்தில் கமிட் ஏற்றப்பட்டவுடன், முன்னரே குறித்துக் கொடுத்த முகவரிக்கு ‘வெப்ஹூக்’ என்னும் செய்தி சென்று சேரும். அதில் கமிட்டின் எண்ணும், பெயரும், குறிப்புரையும், மாறிய கோப்புகளின் பெயர்களும் இருக்கும். எந்தெந்த வரி மாறிற்று என்பது இராது. ஆதலின் தானியங்கிப் பணியோட்டமானது அந்த எண்ணைக் கொண்டு, ‘ஏ.பி.ஐ.’ என்னும் வாயில் வழியே களஞ்சியத்தை மீண்டும் வினவும். அப்பொழுதுதான் சேர்த்த வரிகளும் நீக்கிய வரிகளும் கோப்புவாரியாகக் கிடைக்கும். கோப்புகள் 300-க்கு மேற்பட்டால் மறுமொழி பல பக்கங்களாகப் பிரிந்து வரும். முதற் பக்கத்தோடு நின்றுவிட்டால் எஞ்சியவை கண்ணில் படாமலே போகும். இவ்வேலைக்குப் படிக்கும் உரிமை மட்டும் உள்ள திறவுகோலே போதுமானது. எழுதும் உரிமையையும் சேர்த்துக் கொடுப்பது வேண்டாத தாராளம்.

இவ்வாறு வந்த விவரங்களில் எதனை எவ்வளவு நம்பலாம் என்பதே நாம் கருத வேண்டுவது. அடையாள எண், பதிவின் உள்ளடக்கம் மாறவில்லை என்பதற்குச் சான்று. பெயர் அத்தகையதன்று. தம் கணினியில் எவரும் எப்பெயரையும் எழுதி வைத்துக் கமிட் செய்யலாம், கிட் தடுப்பதில்லை. நேரமும் அவ்வாறே.

2021 மார்ச்சு 28-ஆம் நாள் நிகழ்ந்தது இதனை நன்கு விளக்கும். எண்ணற்ற இணையத்தளங்களை இயக்கும் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியின் களஞ்சியத்தில் இரு கமிட்டுகள் ஏறின. ஒன்றில் அம்மொழியைத் தோற்றுவித்த ராஸ்மஸ் லெர்டார்ஃபின் பெயரும், மற்றொன்றில் முதன்மைப் பணியாளருள் ஒருவரான நிகிதா போபோவின் பெயரும் இருந்தன. எழுத்துப்பிழைத் திருத்தம் என்பது முதற்பதிவின் குறிப்புரை. உள்ளே இருந்ததோ, அந்நியர் தம் ஆணையை அயலார் கணினியில் இயக்குவதற்கான கள்ள வாயில். இருவரும் அவற்றை எழுதியவரல்லர். பெயரும் குறிப்புரையும் மட்டும் கொணரும் பணியோட்டம் இதனை ஐயமின்றி ஏற்றிருக்கும். மாறிய வரிகளைப் படித்த மனிதர் கண்ணுக்கே அது புலப்பட்டது. சில மணி நேரத்தில் நீக்கினர். வெளியீடு எதிலும் அது சேரவில்லை. பின்னர் பி.எச்.பி. தன் முதன்மைக் களஞ்சியத்தைக் கிட்ஹப்புக்கே மாற்றிக்கொண்டது.

பெயருக்கு வலுவூட்ட மின்னொப்பம் என்றொரு வழி உண்டு. எழுதுபவர் தம்மிடம் மட்டுமே உள்ள மறைதிறவுகோலால் கமிட்டில் ஒப்பமிடுவார்; களஞ்சியம் அதற்கிணையான பொதுத்திறவுகோலால் ஒத்துப்பார்க்கும். அம்முடிவு, ஏ.பி.ஐ. தரும் மறுமொழியில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்றோ ‘அன்று’ என்றோ காரணத்துடன் இடம்பெறும். பணியோட்டம் அமைப்போர் பெயரை எடுக்கும்பொழுது அதன் அருகிலேயே இந்தக் குறிப்பையும் எடுத்து வைக்க வேண்டும். ஒப்பமே இல்லாத கமிட்டாயின், அங்குக் காரணமாக அதுவே எழுதப்பட்டிருக்கும்.