மெத்தையைக் காய வைத்தும் கடி நிற்கவில்லையா? கட்டிலைக் கழற்றிப் பாருங்கள்

மலேசிய, சிங்கப்பூர் வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது வெப்பமண்டல மூட்டைப்பூச்சி. ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அதன் தட்டை உடல், வங்கி அட்டை நுழையும் இடுக்கிலும் புகுந்துவிடும். மெத்தையின் தையலோரம், கட்டிலின் திருகாணித் துளை, தலைமாட்டுப் பலகையின் பின்புறம் ஆகியவற்றை முதலில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பழைய தோட்ட வீடுகளில் சுவர்ப் பலகைகளின் இடுக்கையும் விடக்கூடாது. கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை பூச்சியின் எச்சம்.

கண்டபடி மருந்தடித்தால் பூச்சிகள் சிதறி அடுத்த அறைக்கு ஓடும். பல மருந்துகள் இப்போது அவற்றிடம் பலிப்பதுமில்லை. படுக்கை விரிப்புகளை 60 டிகிரி சுடுநீரில் துவைத்தால் முட்டையும் சாகும்.

அழுக்கான வீட்டில்தான் மூட்டைப்பூச்சி வரும் என்று நினைத்துப் பலர் வெளியே சொல்லக் கூசுகிறார்கள். பயணப்பையில் ஒட்டிக்கொண்டு அது சுத்தமான வீட்டுக்கும் வரும். யாரோ வேண்டாமென்று கொடுத்த சோபாவை உள்ளே தூக்கும் முன், அதன் அடித்துணியைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.