பாரதிக்குப் பின் செல்லம்மா

செல்லம்மா பாரதி என்றதும் பலருக்கு நினைவு வருவது அந்த அரிசிக் கதைதான். அக்கம்பக்கத்தில் கடன் வாங்கி, முறத்தில் போட்டுக் கல் பொறுக்கி வைத்த அரிசியைக் கணவர் பாரதி குருவிகளுக்கு வாரி இறைத்துவிட்டார். பள்ளி மேடைகளில் இதைச் சொல்லும்போது கைதட்டல் எல்லாம் கவிஞருக்கே போகிறது. எனக்கோ, பசியோடு இருக்கும் இரண்டு பெண் குழந்தைகளுக்கு இனி என்ன செய்வது என்று திகைத்த அந்தத் தாய்தான் கண்முன் நிற்கிறார். ஆனாலும் அவரை அந்த முறத்தோடு நிறுத்திவிடுவது அநியாயம்.

கடையத்துப் பெண். 1897-ல் கல்யாணம் நடந்தபோது அவருக்கு ஏழு வயது, மாப்பிள்ளைக்குப் பதினான்கு. சில ஆண்டுகள் கழித்து, காசியில் இருந்த கணவரைப் பற்றி ஊரார் சொன்னதைக் கேட்டுப் பயந்துபோய்க் கடிதம் எழுதினார். கவலைப்படும் நேரத்தில் தமிழை நன்றாகப் படி என்று பதில் வந்தது. அந்தச் சிறுமிக்கு அப்போது அது எவ்வளவு ஆறுதல் தந்திருக்குமோ!

புதுச்சேரியில் கடனும் போலீஸ் ஒற்றர்களும் சூழக் குடித்தனம். பிறகு கடையம், சென்னை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் பாரதி கண்மூடியபோது செல்லம்மாவுக்கு முப்பத்தொரு வயதுதான். இளைய மகள் சகுந்தலா சின்னப் பெண். தம் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகங்களாகக் கொண்டுவரப் பாரதி போட்ட திட்டம் பணமில்லாமல் கைகூடவில்லை.

கைம்பெண் வீட்டு மூலையை விட்டு வெளியே வராத காலம் அது. செல்லம்மா பதிப்பகம் தொடங்கினார். சகோதரர் அப்பாத்துரையின் துணையோடு 'பாரதி ஆச்ரமம்' என்ற பெயரில் 1922-ல் 'ஸ்வதேச கீதங்கள்' வெளிவந்தது. பாரதி மறைந்த மறு ஆண்டே அவர் பாட்டு புத்தகமாகக் கைக்குக் கிடைத்ததென்றால், அதற்கு முதல் நன்றி இந்த அம்மாளுக்குத்தான். நெடுநாள் நடத்த முடியவில்லை. பணநெருக்கடியில் பதிப்புரிமையும் கைமாறியது. 1949-ல் அரசு அதை வாங்கி, பின்னர் பொதுவாக்கியது.

பாரதியின் அன்றாடத்தை நாம் இவ்வளவு நெருக்கமாக அறிந்திருப்பதும் இந்த வீட்டுப் பெண்களால்தான். தாய் சொல்ல, மூத்த மகள் தங்கம்மாள் எழுத, 'பாரதியார் சரித்திரம்' உருவானது. மகள்கள் இருவருமே பிறகு தந்தையைப் பற்றித் தனித்தனியாக எழுதினார்கள். 1951-ல் திருச்சி வானொலியில் செல்லம்மா தம் கணவரைப் பற்றிப் பேசினார். வாட்டிய வறுமையை மறைக்காமல் சொன்னார். அதில் பெருமிதமும் இருந்தது.

1955-ல் அவர் காலமானார். தங்கம்மாளின் மகள் விஜயா பாரதி தாத்தாவின் எழுத்துகளை ஆராய்ந்து பதிப்பித்தார். இன்னொரு பேத்தி லலிதா பாரதி இசை ஆசிரியையாக இருந்தார். அவர் மகன் ராஜ்குமார் பாரதி கச்சேரி மேடைகளில் கொள்ளுத்தாத்தாவின் பாடல்களைப் பாடினார்.