நீராடலும் சிறுநீர்ப்பாதைத் தொற்றும்

சிறுநீர்ப்பாதைத் தொற்று என்பது சிறுநீரகம், சிறுநீர்க்குழாய், சிறுநீர்ப்பை, சிறுநீர்வழி ஆகிய உறுப்புகளுள் ஒன்றிலோ பலவற்றிலோ நோய்க்கிருமிகள் பெருகுவதால் உண்டாகும் நோய் ஆகும். இதன் முதன்மை அறிகுறியான எரிச்சல் பேச்சு வழக்கில் நீர்க்கடுப்பு எனப்படுகிறது. குளம், கடல், பொதுக் குளியலறை முதலியவற்றில் நீராடுவதால் இந்நோய் தொற்றிக்கொள்ளும் என்னும் அச்சம் மக்களிடையே பரவலாக உண்டு. உண்மையில் இந்நோய்க்குக் காரணமான கிருமி குளிக்கும் நீரிலிருந்து வருவது அரிது. பெரும்பாலும் நோயாளியின் சொந்தக் குடலிலிருந்தே வருகிறது. எனினும் நீராடும் நாளில் மேற்கொள்ளப்படும் சில பழக்கங்கள் நோய்க்கு இடம் கொடுக்கின்றன. கடல் நீராடலுக்கும் உப்பளங்களுக்கும் பெயர்பெற்ற, நாகப்பட்டினம் மாவட்டத்திலுள்ள வேதாரண்யத்தின் சூழல் இதனை விளக்கப் பொருத்தமானதாகும்.

நோய் உண்டாகும் முறை

சிறுநீர்ப்பாதைத் தொற்றுகளில் பெரும்பான்மையானவற்றை உண்டாக்குவது எசரிக்கியா கோலை (சுருக்கமாக ஈ. கோலை) என்னும் பாக்டீரியா ஆகும். இது மனிதக் குடலில் இயல்பாக வாழ்வது. மலவாயிலிருந்து சிறுநீர்வழியின் வாயை அடைந்து, அங்கிருந்து மேலேறிச் சிறுநீர்ப்பையில் பெருகும்போது நோய் உண்டாகிறது. பெண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே உடையது, ஆண்களுடையது ஏறத்தாழ 20 செ.மீ. நீளமுடையது. பெண்களில் இந்நோய் மிகுதியாகக் காணப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்றுக்கு ஆளாகின்றனர். ஆகவே இந்நோய் வந்தவரைத் தூய்மையற்றவர் என்று கருதுவது தவறாகும்.

மேலேறும் கிருமிகளை வெளியேற்றும் இயற்கையான வழி சிறுநீர் கழித்தலே. நீர் குறைவாக அருந்தினால் சிறுநீரும் குறைவாகவே உண்டாகும். கிருமிகள் பெருகக் கூடுதல் நேரம் கிடைக்கும்.

குளிக்கும் நீர் காரணமாகுமா?

நீரில் மூழ்கும்போது சிறுநீர்ப்பைக்குள் நீர் புகுவதில்லை. சிறுநீர்வழியைச் சுற்றியுள்ள தசைகள் அதனை மூடியே வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இளம்பெண்களிடையே நடத்தப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, வெந்நீர்த் தொட்டிகளில் குளிப்பதற்கும் மீண்டும் மீண்டும் வரும் சிறுநீர்ப்பாதைத் தொற்றுக்கும் தொடர்பு காணவில்லை. உடலுறவின் எண்ணிக்கை, தாய்க்கு இந்நோய் இருந்தமை, 15 வயதுக்கு முன்பே முதல் தொற்று ஏற்பட்டமை போன்றவையே தொடர்புடையனவாக அறியப்பட்டன.

மாசடைந்த நீரில் குளிப்பதால் வேறு நோய்கள் வரலாம் என்பதை மறுக்க இயலாது. கழிவு கலந்த கடல்நீரில் குளிப்பவர்களுக்கு வயிற்றுப்போக்கும் காதுத் தொற்றும் வரக்கூடும். கால்நடைகளைக் குளிப்பாட்டும் குளங்களிலும் வயல்நீரிலும் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கக்கூடும். அது தோலிலுள்ள காயம் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும்; டெல்டா உழவர்கள் அறிந்திருக்க வேண்டிய நோய் இது. குளிக்கும் நீரிலிருந்து சிறுநீர்ப்பை நோய் வருவதற்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆப்பிரிக்காவில் நன்னீர் நத்தைகள் வழியாகப் பரவும் சிஸ்டோசோமா என்னும் ஒட்டுண்ணிப் புழு தோலைத் துளைத்து உட்புகுந்து சிறுநீரில் குருதி வரச் செய்கிறது. இந்தியாவில் மகாராட்டிர மாநிலம் இரத்தினகிரிப் பகுதியிலுள்ள கிம்வி என்னும் சிற்றூரில் இந்நோய் இருந்ததாக 1952 இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டுக் குளங்களைக் கண்டு இதற்காக அஞ்ச வேண்டியதில்லை.

வேதாரண்யத்தில் நீராடல்

தேவாரத்தில் திருமறைக்காடு எனக் குறிப்பிடப்படும் வேதாரண்யத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசை ஆகிய நாட்களில் திரளான மக்கள் நீராடுகின்றனர். கோடியக்கரையில் ஆதிசேது எனப்படும் கடலிலும், வேதாரண்யம் கடலிலும், பின்னர் வேதாரண்யேசுவரர் கோயிலின் மணிகர்ணிகைத் தீர்த்தத்திலும் நீராடி முன்னோர்க்குத் திதி கொடுப்பது வழக்கம். பாக்கு நீரிணையின் இக்கரைப் பகுதி ஆழம் குறைந்தது, அலை அடங்கியது, சேறு மிகுந்தது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கசா புயலின்போது இக்கடற்கரையில் பெருமளவு சேறு வந்து படிந்தது. சேறு உடலில் ஒட்டுவது அருவருப்பைத் தந்தாலும், அதனால் சிறுநீர்ப்பாதைத் தொற்று வருவதில்லை.

இந்நாட்களில் கவனிக்க வேண்டியது வேறொன்று. வெளியூர்ப் பெண்கள் முந்தைய இரவே பேருந்திலோ வேனிலோ புறப்படுகின்றனர். வழியில் கழிவறை கிடைக்காது என்று எண்ணித் தண்ணீர் அருந்துவதைத் தவிர்க்கின்றனர். திதி முடியும்வரை உண்ணாமலும் இருப்பர். ஈரச் சேலையுடனேயே அடுத்த தீர்த்தத்துக்குச் செல்வதும் உண்டு. நண்பகலுக்குப் பிறகே சிறுநீர் கழிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ எரிச்சல் தொடங்கினால் பழி கடலின்மேல் விழுகிறது. சிறுநீரை அடக்குவதன் விளைவு குறித்து ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. மேற்கூறிய சியாட்டில் ஆய்விலும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் அடக்க வேண்டியிருப்பவர் நீர் அருந்துவதையும் குறைத்துக்கொள்கிறார். நீர் அருந்துவதன் பயனுக்குச் சான்று வலுவாக உள்ளது. பல்கேரியாவில் 140 பெண்களிடம் ஓராண்டு நடத்தப்பட்டு 2018 இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் கூடுதலாக 1.5 லிட்டர் நீர் அருந்தியவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் சிறுநீர்ப்பைத் தொற்று ஏற்பட்டது. விழா நாட்களில் நீராடும் துறையருகே தற்காலிகக் கழிவறைகளும் குடிநீரும் அமைத்தல் வெறும் வசதி அன்று, நோய்த்தடுப்பும் ஆகும்.

உப்பளத் தொழிலாளர்

1930 ஏப்ரலில் இராசாசி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்த உப்புச் சத்தியாகிரக நடைப்பயணம் வேதாரண்யத்தில் முடிந்தது. வேதாரண்யம், அகத்தியம்பள்ளி, கோடியக்காடு பகுதிகளில் இன்றும் உப்பு விளைவிக்கப்படுகிறது. அமாவாசைக்கு வருபவர் ஒருநாள் படும் துன்பத்தை, நிழலற்ற உப்புப் பாத்திகளில் வேலை செய்யும் பெண்கள் பருவம் முழுவதும் படுகின்றனர். உப்பளத்தில் நிலத்தடி நீரும் உப்பே. குடிநீரை வீட்டிலிருந்து சுமந்து செல்ல வேண்டும். பரந்த வெளியில் மறைவிடம் இல்லை. வியர்வையால் நீரிழப்பு மிகுந்து, சிறுநீர் அளவில் குறைந்து அடர்த்தியாகிறது. தமிழ்நாட்டுப் பணியிடங்களில் பெண் தொழிலாளர்களின் வெப்பச் சுமையையும் கழிவறை இன்மையையும் பற்றிச் சென்னை சிறீ இராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2016 இல் ஆய்வு வெளியிட்டுள்ளனர். இதே நிறுவனம் உப்பளத் தொழிலாளரின் சிறுநீரகப் பாதிப்பையும் ஆய்ந்துள்ளது. மாலையில் வீடு திரும்பி எடுக்கும் குளியல் உடலிலுள்ள உப்பைப் போக்கும். பகலில் அருந்தாத நீரை அது ஈடு செய்யாது.

நீர்க்கடுப்பும் சூடும்

உடல் சூட்டினால் நீர்க்கடுப்பு வருகிறது என்பது தமிழரிடையே உள்ள நம்பிக்கை. இதில் ஓரளவு உண்மை உண்டு. வெயிலில் நீரிழந்த ஒருவரின் அடர்த்தியான சிறுநீர், தொற்று இல்லாதபோதும் எரிச்சலைத் தரலாம். இளநீர், நீர்மோர், பார்லி நீர் ஆகியவற்றை அருந்தியதும் இது தணிந்துவிடும். தணியாமல் அடிக்கடி சிறுநீர் வரும் உணர்வும், கலங்கலும், அடிவயிற்று வலியும் இருந்தால் தொற்று என ஐயுற வேண்டும். எண்ணெய்க் குளியல் உடலுக்கு இதமளிக்கலாம். ஆனால் கிருமியைப் போக்காது.

நீராடும்போது கவனிக்க வேண்டியவை

நீராடுவதற்கு முன்னும் பின்னும் சிறுநீர் கழிப்பது எளிய பழக்கம். பிறப்புறுப்பின் வெளிப்பகுதியை வெறும் நீரால் கழுவினாலே போதும். உட்புறத்தில் சோப்பு, கிருமிநாசினி முதலியவற்றைச் செலுத்துவது, அங்கு இயல்பாக வாழ்ந்து காக்கும் நல்ல பாக்டீரியாக்களை அழிக்கிறது. நுரை மிகுந்த குளியல் கலவைகள் சிறுமிகளின் மென்மையான தோலில் எரிச்சலை உண்டாக்கும். இவ்வெரிச்சல் தொற்றெனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு. மலம் கழித்தபின் முன்னிருந்து பின்னாகக் கழுவச் சிறுமிகளுக்குப் பழக்க வேண்டும். இதன் பயனை எல்லா ஆய்வுகளும் உறுதிப்படுத்தவில்லை எனினும் இதனால் கேடு ஏதுமில்லை. ஈர உடையை நெடுநேரம் அணிந்திருப்பதால் பூஞ்சைத் தொற்றும் தோல் அரிப்பும் வரலாம் என்பதால் மாற்றுடை எடுத்துச் செல்வது நன்று. இவற்றைக் கவனித்துக்கொண்டால் கடலிலோ குளத்திலோ பம்புசெட்டிலோ விரும்பிய நேரம் நீராடலாம். இதயம் அல்லது சிறுநீரக நோய்க்காக நீரின் அளவைக் குறைக்குமாறு மருத்துவர் கூறியிருப்பவர்கள் அவ்வறிவுரையையே பின்பற்ற வேண்டும்.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

குளிர்க்காய்ச்சல், விலாப்புற வலி, வாந்தி ஆகியவை தோன்றினால் தொற்று சிறுநீரகத்தை எட்டியிருக்கலாம். அன்றே மருத்துவரை அணுக வேண்டும். கருவுற்ற பெண்கள், குழந்தைகள், நீரிழிவு நோயாளர், ஆண்கள் ஆகியோர் சிறு அறிகுறிக்கும் மருத்துவரிடம் செல்வது நலம். சிறுநீரில் குருதி கண்டாலும் இவ்வாறே. மருந்துக்கடையில் தாமாகவே நுண்ணுயிர்க்கொல்லி வாங்கி இரண்டு நாள் உண்டு நிறுத்தும் வழக்கம் தீங்கானது. இந்தியாவில் ஈ. கோலை பாக்டீரியா பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத நிலையை அடைந்துள்ளதால், சிறுநீரை வளர்சோதனை செய்து எந்த மருந்து பயன்தரும் என அறிந்தே மருத்துவம் செய்ய வேண்டிய நிலை பலருக்கு ஏற்படுகிறது. இச்சோதனைக்கு, முதலில் வரும் சிறுநீரை விடுத்து, இடையில் வருவதைத் தூய கலத்தில் பிடித்துத் தர வேண்டும்.